பிரார்த்தனையும் டூட்டி ரோஸ்டரும்: மருத்துவமனைப் பெண்களின் கேள்விகளுக்குப் பதில்

அரசு மருத்துவமனை வார்டுகளில் ஸ்டாஃப் நர்ஸாகத் தொடங்கி, நர்சிங் சூப்பிரண்டெண்டாக ஓய்வு பெற்றவள் நான். மனச்சோர்வு, பக்தி, பொறுப்பு பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

ஸ்டாஃப் நர்ஸ், திருநெல்வேலி: மேடம், எந்நேரமும் களைப்பாகவே இருக்கிறது. இது சாதாரண அசதியா, பர்ன்அவுட்டா?

முதலில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள்மா. ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கிற நாம் நம் ரத்தத்தைப் பரிசோதிப்பதே இல்லை. அது சரியாக இருந்தால் அப்புறம் மனதைப் பார்க்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்அவுட்டை விளக்கியபோது அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்து நெருக்கடியைச் சரிசெய்யாமல் நீண்ட நாள் விட்டதால் வருகிற நிலை என்றது. அதற்கு மூன்று அடையாளங்கள்: சக்தியெல்லாம் வற்றிப்போன களைப்பு, வேலையின் மேல் வெறுப்பும் ஒட்டாத தன்மையும், 'நான் செய்வதில் ஒரு பயனும் இல்லை' என்ற எண்ணம். இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தால் அசதி போய்விடும். இது போகாது. பேஷண்ட்டை 'பெட் நம்பர் 14' என்று மட்டுமே நினைக்கத் தொடங்கியிருந்தால் கவனியுங்கள்.

இன்னொன்று. வீட்டிலும் எதிலும் சந்தோஷம் இல்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை இரவிலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

ஐசியூ நர்ஸ், நாகர்கோவில்: முன்பெல்லாம் பஸ்ஸில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே டூட்டிக்குப் போவேன். இப்போது ஜெபமே வரவில்லை. சின்ன வயதுக்காரர்கள் கண்முன்னே இறக்கும்போது கடவுள் மேல் கோபம் வருகிறது. இது பாவமா அம்மா?

பாவம் இல்லைமா. வேலையோடு ஒட்டாமல் போகிற மனது கடவுளோடும் ஒட்டாமல் போகும். இரண்டும் ஒரே மனதுதானே. இதைக் குற்ற உணர்ச்சியாகச் சேர்த்து வைத்தால் சுமை இரட்டிப்பாகும். கோபத்தையே அவரிடம் சொல்லுங்கள். நம்பிக்கை இல்லாதவர்கள் யாரும் கடவுளோடு சண்டை போடுவதில்லை.

நீளமான ஜெபம் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் ஒரு பழக்கம் சொல்கிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்ட்டல்ஸ் என்ற நர்ஸ் தொடங்கிவைத்தது. ஒருவர் இறந்ததும், எல்லோரும் கலைந்து போவதற்கு முன், அந்தக் கட்டிலைச் சுற்றி ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். ஒருவர் மட்டும் முன்னால் பேசுவார்: "இவர் ஒரு வீட்டுக்கு வேண்டியவராக இருந்தவர். இவருக்காக நாம் முடிந்ததைச் செய்தோம்." அவ்வளவுதான். எந்த மதத்தவரும் நிற்கலாம், கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் நிற்கலாம். நம் ஐசியூக்களில் என்ன நடக்கிறது? ட்யூப் எடுத்து, பில் போட்டு, பெட்டைத் துடைத்து, அரை மணி நேரத்தில் அடுத்த அட்மிஷன். துக்கப்பட நேரமே தருவதில்லை. அந்தத் துக்கமெல்லாம் எங்கே போகும்? உங்கள் ஜெபத்தை அடைத்துக்கொண்டு நிற்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

புதிதாக வார்டு இன்சார்ஜ் ஆன சிஸ்டர், கோயம்புத்தூர்: ஆள் பற்றாக்குறை. கேட்டால் "இது வேலை இல்லை, தெய்வத் தொண்டு" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆஃபில் கட்டாயத் தியான வகுப்பு வேறு. எனக்குக் கீழே வேலை பார்க்கிற நர்ஸ் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது மேடம்?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

தியானம் நல்லது. நானும் செய்கிறேன். ஆனால் ஆஃப் நாளைப் பிடுங்கி நடத்தினால் அது இன்னொரு டூட்டி. நர்ஸின் பக்தியை வைத்து ஆள் பற்றாக்குறையை மூடுவது அந்தப் பக்திக்கே செய்கிற அவமரியாதை. பக்தி உங்களுடையது. ஆள் போட வேண்டியது நிர்வாகத்தின் கடமை. இரண்டையும் கலக்க விடாதீர்கள்.

உங்கள் கையில் இருப்பது ரோஸ்டர், யாருக்கு எப்போது டூட்டி என்கிற பட்டியல். இன்சார்ஜ் சிஸ்டர் செய்கிற பெரிய ஆன்மிகக் காரியம் அதை நேர்மையாகப் போடுவதுதான். கல்யாணம் ஆகாத பெண்கள் தலையிலேயே எல்லா நைட்டையும் கட்டாதீர்கள். ஈவினிங் முடித்து ராத்திரி வீடு போய்ச் சேர்ந்தவளை மறுநாள் மார்னிங்குக்கு வரச் சொல்லாதீர்கள். மார்னிங், ஈவினிங், நைட் என்ற வரிசையில் மாற்றினால் உடம்பு கொஞ்சம் தாங்கும். ரமலான் நோன்பு, கிறிஸ்துமஸ், பொங்கல், சபரிமலை மாலை, யாருக்கு எது முக்கியம் என்று வருஷத் தொடக்கத்திலேயே கேட்டு எழுதி வையுங்கள். ஆஃபில் இருப்பவளுக்குப் போன் போடாதீர்கள். டூட்டி நடுவில் உட்கார்ந்து சாப்பிட ஒரு இருபது நிமிடம், அந்த நேரம் அவளுடைய பேஷண்ட்டை நீங்களே பாருங்கள். ஒன்றிரண்டு முறை நீங்கள் அப்படி நின்றால் மற்றவர்களும் பழகிவிடுவார்கள்.

அப்புறம், வாய்ப்பேச்சை விட்டு எழுத்துக்கு வாருங்கள். தினமும் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் எத்தனை பேஷண்ட், எத்தனை நர்ஸ் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் அளவுப்படி பொது மருத்துவமனை வார்டில் 5 பேருக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வார்டில் 3 பேருக்கு ஒருவர், ஐசியூவில் ஒருவருக்கு ஒருவர் இருக்க வேண்டும். லீவுக்காக 30 சதவீதம் கூடுதலாகவும் வேண்டும். ஒரு மாதக் கணக்கை இந்த அளவோடு சேர்த்துக் கடிதமாகக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். உடனே ஆள் வருவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நாளைக்கு ஒரு தவறு நடந்தால் பழி முழுவதும் உங்கள் பிள்ளைகள் மேல் விழாது.

மகப்பேறு பி.ஜி. (மேற்படிப்புப் படிக்கும்) டாக்டர், சென்னை: எங்கள் யூனிட்டில் ஐடா ஸ்கடர், டாக்டர் சாந்தா என்று உதாரணம் காட்டி, "அவர்கள் லீவா கேட்டார்கள்?" என்கிறார்கள். எனக்கும் அவர்கள்மேல் பெரிய மரியாதை. அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை.

மரியாதை இருக்கட்டும் டாக்டர். வரலாற்றை முழுதாகப் பார்த்தால் பதிலும் அதிலேயே இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவச் சேவையைத் தொடங்கினார். ஆனால் தனியாளாகவே எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று நினைக்கவில்லை. 1909-ல் நர்சுகளுக்குப் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி என்று ஆட்களை உருவாக்கிக்கொண்டே போனார். முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கையில் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த சாந்தா, 2021-ல் இறக்கும்வரை அந்த வளாகத்தையே வீடாக வைத்துக்கொண்டார். அது அவர் விரும்பி எடுத்த முடிவு. எப்படி நடத்துவது என்று தீர்மானிக்கிற இடத்திலும் இருந்தார். முப்பது மணி நேரம் நிற்கச் சொல்லி உத்தரவு வாங்குகிற பி.ஜி.க்கு அந்த இரண்டில் எது இருக்கிறது?

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலையும் எடுத்துக்கொள்ளுங்கள். 16 வயதில் கடவுள் தன்னை அழைத்ததாக நம்பியவர். கிரிமியப் போரில் காயத்தைவிட நோய்த்தொற்றால்தான் அதிக வீரர்கள் இறந்தார்கள் என்பதைப் புள்ளிவிவரமாக வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்தார். அழைப்பை நம்பினார், கணக்கும் கேட்டார். போர் முடிந்து திரும்பியபின் பல வருஷம் படுக்கையிலேயே கிடந்து வேலை பார்க்கும் அளவுக்கு உடல் கெட்டது. விளக்கேந்திய சீமாட்டி என்று பாடம் நடத்துகிறவர்கள் இதையும் சேர்த்து நடத்தினால் நன்றாக இருக்கும்.

உலக அளவில் சுகாதார ஊழியர்களில் சுமார் 70 சதவீதம் பெண்கள், தலைமைப் பதவிகளில் 25 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. நீங்கள் அந்த நாற்காலிக்கு வர வேண்டும் டாக்டர். அதற்கு முதலில் உடம்போடு மிஞ்சியிருக்க வேண்டும்.

பாலியேட்டிவ் கேர் (தீராத நோயில் வலி தணிக்கும் பராமரிப்பு) நர்ஸ், திருச்சி: பேஷண்ட்டோடு சேர்ந்து பிரார்த்திக்கலாமா?

அவர் கேட்டால், அவருடைய சாமியை, அவருடைய வார்த்தையில். நீங்களாகத் தொடங்க வேண்டாம். லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸை (இறுதிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி என்பதில் ஆன்ம வேதனையும் அடக்கம் என்றவர். அவரும் நம்பிக்கையை யார்மேலும் திணிக்கவில்லை.

கிராம சுகாதார செவிலியர், விழுப்புரம்: தடுப்பூசி, வீடு வீடாகப் போவது, ராத்திரி உட்கார்ந்து ஆன்லைன் பதிவு. அழுதால், "கோயிலுக்குப் போய்வா, சரியாகிவிடும்" என்கிறார் மாமியார்.

போய்வாருங்கள், தனியாக. போய்வருகிற அந்த இரண்டு மணி நேரம் அடுப்பையும் பிள்ளைகளையும் வீட்டில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அத்தையிடம் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

லேபர் வார்டு நர்ஸ், சேலம்: வேலையை விட்டுவிடலாமா மேடம்?

நைட் முடிந்த காலையில் அந்த முடிவை எடுக்காதீர்கள்மா. இருக்கிற லீவை முதலில் எடுங்கள். வார்டு மாற்றம் கேளுங்கள், லேபர் வார்டில் பல வருஷம் இருந்தவர்களுக்கு ஓ.பி. மாற்றமே பெரிய மூச்சு. அதற்கப்புறமும் மனது இல்லை என்றால் தாராளமாக விடுங்கள், யாருக்கும் துரோகம் செய்யவில்லை. நர்சிங் கவுன்சில் பதிவை மட்டும் காலாவதியாக விடாமல் புதுப்பித்து வையுங்கள்.