பஃபரிலேயே நகரும் ஃபிரிஞ்சுகள்: நுண்துளை சிலிக்கான் சென்சார்

வணக்கம். உங்கள் நுண்துளை சிலிக்கான் சென்சாரில் புரோட்டீன் விடும் முன்பே, பிஎச் 7.4 பஃபர் (பிஎச் எளிதில் மாறாத கரைசல்) மட்டும் ஓடும்போது ஃபிரிஞ்சுகள் (துளை அடுக்கின் மேலும் அடியிலும் எதிரொளிக்கும் ஒளி கலந்து நிறமாலையில் வரும் ஏற்ற இறக்கங்கள்) நீலப் பக்கம், அதாவது குறைந்த அலைநீளத்துக்கு, நகர்ந்துகொண்டே போகின்றன என்கிறீர்கள். ஸ்பெக்ட்ரோமீட்டரை விடுங்கள், சிக்கல் சில்லில்தான்.

எச்சிங் (சிலிக்கானை அரித்துத் துளையிடுவது) முடிந்த துளைச் சுவர் முழுக்க சிலிக்கான்-ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் பட்டால் அவை ஆக்சைடாகும், கொஞ்சம் கரையவும் செய்யும். சிலிக்கானின் ஒளிவிலகல் எண் 3.5க்கு மேல், ஆக்சைடுக்குச் சுமார் 1.46தான். அடுக்கின் சராசரி எண் இறங்க, ஃபிரிஞ்சும் நீலத்துக்குச் சாய்கிறது. புரோட்டீன் ஒட்டினால் நகர்வது சிவப்புப் பக்கம். இந்த இரண்டு நகர்வும் ஒன்றை ஒன்று தின்றுவிடுவதால்தான் உங்கள் சிக்னல் தெரியவில்லை.

எச்சிங் ஆனதும் எத்தனாலில் நன்றாக அலசி உலர்த்துங்கள். தண்ணீரோடு நேரே உலர்த்தினால் பரப்பு இழுவிசையில் அடுக்கு பாளம் பாளமாகப் பெயரும். பிறகு சுவரை முன்கூட்டியே ஆக்சைடாக்கிவிட, குழாய் உலையில், காற்றிலேயே, 600 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரம். சூட்டை மெல்ல ஏற்றி, உலைக்குள்ளேயே ஆறவிடுங்கள். ஆக்சைடு வளரும்போது துளை சுருங்கும்; புரோட்டீனைப் பிடிக்கும் ஆன்டிபாடி நுழைய வேண்டுமென்றால் எச்சிங்கிலேயே துளையை அகலமாக வையுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஃபிரிஞ்சின் உயரம் குறையும், பரவாயில்லை. தனி உச்சியைத் துரத்தாமல், நிறமாலையை அலை எண் (1/அலைநீளம்) அச்சுக்கு மாற்றி, ஃபூரியே உருமாற்றம் எடுத்து, 2nL மதிப்பைப் (n அடுக்கின் சராசரி ஒளிவிலகல் எண், L அதன் தடிமன்) பின்தொடருங்கள். அந்த மதிப்பின் கோடு பஃபரில் தட்டையான பிறகே மாதிரியை விடுங்கள். பிஎச் 8ஐத் தாண்ட வேண்டாம், ஆக்சைடும் மெல்லக் கரையும்.