சாதாரண ஃபுளூவுக்கு உருவான ஆன்டிபாடி, பறவைக் காய்ச்சல் வைரஸையும் பிடிக்குமா?

வருடாவருடம் ஃபுளூ ஊசி போட்டுக்கொள்பவர் உடம்பில் இருக்கும் ஆன்டிபாடிகள் (கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்கள்) பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1-ஐயும் அடையாளம் காணுமா என்பது கேள்வி. பெரும்பாலானவை காணாது. ஒரு சில காணும். அந்தச் சிலவற்றைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆன்டிபாடி முழு வைரஸைப் பார்ப்பதில்லை. மேற்பரப்புப் புரதத்தில் 15–20 அமினோ அமிலங்கள் சேர்ந்த ஒரு சின்ன இடத்தைத்தான் பிடிக்கிறது. அங்கே உள்ள மேடுபள்ளம், மின்னூட்டம், நீரை விலக்கும் தன்மை எல்லாம் ஆன்டிபாடி நுனியில் இருக்கும் ஆறு வளையங்களோடு ஒத்துப்போக வேண்டும். முக்கியமான இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலோ, பக்கத்தில் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டிக்கொண்டாலோ பிடி விட்டுப்போகலாம்.

ஃபுளூ வைரஸில் முக்கிய இலக்கு ஹீமக்ளூட்டினின் என்ற மேற்பரப்புப் புரதம். எச்1, எச்3, எச்5 என்பவை அதன் வகைகள்; மனிதர்களிடையே வழக்கமாகப் பரவும் ஃபுளூவில் இருப்பவை எச்1, எச்3. அதற்குத் தலை, தண்டு என்று இரண்டு பகுதிகள். நம் செல்லின் மேல் உள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்வது தலை. நம் ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை குறிவைப்பதும் அதைத்தான். ஆனால் வேகமாக மாறுவதும் தலைதான். எச்1, எச்3 தலைக்கு உருவான ஆன்டிபாடி எச்5 தலையில் பொதுவாக ஒட்டாது.

தண்டு அவ்வளவு மாறுவதில்லை. வைரஸ் உறையைச் செல்லின் சவ்வோடு இணைக்கும் வேலை அதனுடையது. இஷ்டத்துக்கு மாறினால் அந்த வேலையே கெட்டுவிடும். சிஆர்6261 என்ற ஆன்டிபாடி கிடைத்தது வழக்கமான ஃபுளூ ஊசி போட்டவர்களின் பி செல்களிலிருந்து (ஆன்டிபாடி தயாரிக்கும் செல்கள்). ஆனால் அது எச்5-ஐயும் முடக்கியது. 2009-இல் வெளியான அமைப்புப் படத்தில், ஆன்டிபாடியில் உள்ள கன, இலேசான என்ற இருவகைப் புரதச் சங்கிலிகளில் கனச் சங்கிலியை மட்டும் வைத்தே அது தண்டைப் பிடித்திருந்தது தெரிந்தது. இலேசான சங்கிலி தொடவே இல்லை! எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த படம் இதுதான்.

அப்புறம், ஆய்வகத்தில் ஒரு சிக்கல். வைரஸ் சிவப்பணுக்களை ஒட்டவைப்பதை ஆன்டிபாடி தடுக்கிறதா என்று பார்ப்பது பழைய, மலிவான சோதனை. தண்டு ஆன்டிபாடி இதில் அகப்படாது, ஏனென்றால் அது தலையை மறைப்பதில்லை. எச்5-க்குக் கோழி ரத்தத்தை விடக் குதிரை ரத்தமே தோது: பறவை வைரஸ் விரும்பும் ஆல்ஃபா 2,3 வகைச் சியாலிக் அமிலம் குதிரைச் சிவப்பணுவில் நிறைய.

பிறந்த வருடத்துக்கும் இதில் பங்குண்டு, ஏனென்றால் முதலில் சந்தித்த ஃபுளூ வகையை உடம்பு நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும். 1968-க்கு முன் பிறந்தவர்கள் சிறுவயதில் சந்தித்தது எச்1 அல்லது எச்2. அந்த இரண்டு வகைகளும் தண்டு அமைப்பில் எச்5-இன் உறவினர்கள். பிறகு பிறந்தவர்களில் பலர் முதலில் சந்தித்தது எச்3. அது எச்7-இன் உறவு. எச்5என்1 இளையவர்களையும், 2013-இல் சீனாவில் தொடங்கிய இன்னொரு பறவைக் காய்ச்சலான எச்7என்9 முதியவர்களையும் அதிகம் தாக்கியதற்கு இது ஒரு காரணம் என்று 2016-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

சரி, அப்படியானால் வழக்கமான ஊசியே போதுமா? போதாது. அது உண்டாக்கும் தண்டு ஆன்டிபாடி குறைவு. வைரஸின் இன்னொரு மேற்பரப்புப் புரதமான நியூராமினிடேஸின் என்1 வகை, வழக்கமான எச்1என்1, எச்5என்1 இரண்டிலும் இருப்பதால் கிடைக்கும் உதவியும் ஓரளவுதான். பண்ணைத் தொழிலாளர்களுக்கு அந்த ஊசியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு: ஒரே ஆளுக்கு வழக்கமான ஃபுளூ, பறவைக் காய்ச்சல் இரண்டு வைரஸும் சேர்ந்து தொற்றினால், தங்கள் 8 மரபணுத் துண்டுகளை அவை கலந்துகொள்ளக்கூடும்.