ஜெல் பொலிஷ் ஏன் ஐந்தாம் நாளே கழல்கிறது? வாசகியர் கேள்விகளும் பதில்களும்

நகம் பற்றி வந்த கடிதங்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். எந்த நிறம் வடிவு என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. கொடுத்த காசுக்கு அது நின்று பிடிக்கவில்லை என்பதுதான் எல்லோருக்கும் கவலை. பார்லரில் சில வருடம் மற்றவர்களின் நகத்தோடு மல்லுக்கட்டியவள் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ஒரு பார்லரில் ஜெல் பொலிஷ் போட்டேன். மூன்று கிழமை நிற்கும் என்றார்கள். ஐந்தாம் நாள் காலி வீதியில் பஸ்ஸில் இருக்கும்போது ஒரு விரலில் தோல் மாதிரி முழுசாகக் கழன்று கையில் வந்துவிட்டது. பொலிஷ் மட்டமா, என் நகம் மட்டமா?
வெள்ளவத்தை வாசகி

பொலிஷையும் திட்ட வேண்டாம், நகத்தையும் திட்ட வேண்டாம் தங்கச்சி. முழுசாகக் கழன்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. ஜெல் உடைந்து சிதறினால் அது வேறு கதை. ஒரே படலமாக வந்தால், அது நகத்தில் ஒட்டவே இல்லை, இத்தனை நாளும் சும்மா மேலே படுத்திருந்தது.

ஒட்டாததற்குக் காரணத்தை நிறம் பூசுவதற்கு முந்திய பத்து நிமிடத்தில் தேடுங்கள். நகத்தின் அடிப்பக்கம், தோல் முடிகிற இடத்தில், சட்டென்று கண்ணில் படாத மெல்லிய செத்த தோல் ஒன்று நகத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தள்ளி எடுக்காமல் பூசினால் ஜெல் பிடிப்பது நகத்தை அல்ல, அந்தத் தோலை. தோல் உரியும்போது ஜெல்லும் கூடவே போய்விடும். அதற்குப் பிறகு நகத்தின் மினுக்கம் போகும் அளவுக்கு மட்டும் மெல்லிய அரத்தால் லேசாக உரச வேண்டும். பலமாக உரசினால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்து நகத்தைத் தேய்த்தே தீர்ப்பவர்கள் இருக்கிறார்கள், மெலிந்த நகம் வளையும், வளைகிற நகத்தில் ஜெல் நிற்காது. கடைசியாக அல்கஹோலாலோ அசிட்டோனாலோ துடைப்பது. துடைத்த பிறகு அந்த நகம் எதிலும் படக்கூடாது. தலைமயிரை ஒதுக்கினாலும் போனில் ஒரு மெசேஜ் பார்த்தாலும் மறுபடி துடைக்க வேண்டியதுதான்.

இன்னொன்று கேட்கிறேன். முதலில் கையை வெந்நீர்ப் பாத்திரத்தில் ஊற வைத்தார்களா? சாதாரண மனிகியூருக்கு அது சுகமான விஷயம், ஜெல்லுக்கு அதுதான் எதிரி. நகம் கல் இல்லை, தண்ணீரை உறிஞ்சி விரியும். விரிந்து நிற்கும் நகத்தில் ஜெல்லைப் பூசி லாம்பு வெளிச்சத்தில் இறுக்கிவிட்டால், நீங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் நகம் காய்ந்து பழைய அளவுக்கு வந்துவிடும், இறுகின ஜெல் அதற்கேற்ப வளைந்து கொடுக்காது. அடுத்த முறை ஊற வைக்க வந்தால் வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

அப்புறம், எந்த இடத்தில் கழல்கிறது என்று கவனித்தால் பிழை எங்கே என்று நீங்களே சொல்லிவிடலாம். நுனியில் சிதறுகிறதென்றால் விளிம்பை மூடவில்லை. பேஸ் கோட் என்கிற அடிப்பூச்சு, நிறம், டொப் கோட் என்கிற மேல்பூச்சு என்று ஒவ்வொரு முறையும் பிரஷை நகத்தின் நுனி விளிம்பில் குறுக்கே ஒரு தடவை இழுத்திருக்க வேண்டும். தோல் பக்கத்தில் எழும்புகிறதென்றால் ஜெல் தோலில் வழிந்து அப்படியே இறுகியிருக்கிறது, லாம்புக்குள் வைக்க முதல் ஒரு மெல்லிய குச்சியால் வழித்திருந்தால் தீர்ந்தது. சுருக்கு விழுந்தால் தடிப்பாகப் பூசியிருக்கிறார்கள், மேல்பக்கம் இறுகி அடிப்பக்கம் பச்சையாகவே கிடக்கும். பெருவிரல் மட்டும் கழல்கிறதா? நாலு விரலை நீட்டி வைக்கும்போது பெருவிரல் பக்கவாட்டில் சரிந்து கிடக்கும், வெளிச்சம் அதன் மேல் நேராக விழாது. இரண்டு பெருவிரலையும் தனியாக வைத்து இறுக்கச் சொல்லுங்கள். இதைச் செய்கிறார்களா என்பதை வைத்தே நான் ஒரு பார்லரை எடை போடுவேன்.

மூன்று கிழமைக் கதைக்கும் ஒரு வார்த்தை. கைநகம் மாதத்துக்கு 3 மில்லிமீற்றர் அளவில் வளரும். மூன்றாம் கிழமையில் ஜெல் அசையாமல் இருந்தாலும் அடியில் 2 மில்லிமீற்றர் வெறும் நகம் தெரியும், பாரம் நுனிப்பக்கம் போயிருக்கும். இரண்டு கிழமைக்கு மேல் நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

சமையல், பாத்திரம், பிள்ளையின் உடுப்பு எல்லாம் என் கைதான். சோறு குழைத்துச் சாப்பிடுகிற நமக்கு ஜெல் சரிவருமா? வெளிர் றோஸ் போட்டால் மூன்றாம் நாளே மஞ்சள் பிடித்துவிடுகிறது.
கொட்டாஞ்சேனை வாசகி

சரிவரும், ஆனால் குசினிக்கும் நகத்துக்கும் ஒரு ஒப்பந்தம் வேண்டும்.

மஞ்சள் பிடிப்பது உங்கள் பிழை இல்லை, அது மஞ்சளின் குணம். ஆனால் நன்றாக இறுகிய டொப் கோட்டில் அது மேலோடு நிற்கும், அரைகுறையாக இறுகியதில் உள்ளே போய்விடும். சாப்பிட்டு முடித்த உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பிறகும் நிறம் தெரிந்தால் பஞ்சில் கொஞ்சம் அல்கஹோல் தொட்டுத் துடையுங்கள். மிச்சம் இருக்கும் மஞ்சள் வெயில் வெளிச்சத்தில் மெல்ல வெளிறும். இதெல்லாம் தொல்லை என்றால் மரூனோ கபிலமோ சிவப்போ போட்டுவிட்டு நிம்மதியாகக் கறி வையுங்கள். பருப்புக்கறியும் வெளிர் றோஸும் ஒரே வீட்டில் சமாதானமாக இருக்காது.

உரிவதற்கு முதல் காரணம் தண்ணீர்தான். பாத்திரம் கழுவக் கிளவுஸ் போடுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் ரப்பர் கிளவுஸுக்குள் கை வியர்த்துத் தண்ணீரில் ஊறினது மாதிரியே ஆகிவிடும், அதனால் வேலை முடிந்த கையோடு கழற்றி, கையை உலர விடுங்கள். இரண்டாவது காரணம், நகத்தை ஆயுதமாக்குவது. உள்ளி உரிக்க, ஒட்டின அடிச்சட்டி சுரண்ட, சோடா டின் திறக்க, ரீலோட் கார்ட் சுரண்ட, புதுச் சட்டையில் விலைத்துண்டு பிய்க்க, எல்லாவற்றுக்கும் நமக்கு நகம்தான் முன்னுக்கு வரும். கார்டுக்கு ஒரு சில்லறைக் காசு போதுமே. தேங்காய் துருவும்போது விரலை மடித்துப் பிடியுங்கள். நான் ஒருமுறை புதுசாய்ப் போட்ட கையோடு நண்டுக் கறிக்கு உட்கார்ந்து, ஆட்காட்டி விரல் ஜெல்லைக் கோதோடு சேர்த்து உடைத்தவள். அறிவுரை சொல்கிற தகுதி அப்படி வந்ததுதான்.

நகத்தைக் குட்டையாக வைத்தால் இன்னும் நாள் கூடும், நீள நகம் எல்லாவற்றிலும் இடிபடும். இரவில் நகத்தைச் சுற்றி ஒரு துளி எண்ணெய், ஹொஹோபா கிடைத்தால் நல்லது, தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை. இது போட்ட பிறகுதான். போட வருகிற நாளில் எண்ணெய் பூசின கையோடு வந்து நின்றால் பார்லர்காரி மனதுக்குள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும்.

புறக்கோட்டையில் ஜெல் என்று எழுதிய கியூடெக்ஸ் வாங்கி, தங்கச்சியின் லாம்பில் வைத்தேன். அரை மணித்தியாலமாகியும் இறுகவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
மட்டக்குளி வாசகி

போத்தலை இன்னொருமுறை வாசியுங்கள், ஜெல் எஃபெக்ட் அல்லது ஜெல் ஷைன் என்று இருக்கும். அது காற்றில் காயும் சாதாரண கியூடெக்ஸ், மினுக்கம் மட்டும் கூட. லாம்புக்கும் அதற்கும் உறவே இல்லை. உண்மையான ஜெல் மறுபக்கம்: காற்றில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் இறுகாது, ஆனால் ஜன்னலோரம் வெயில் படுகிற இடத்தில் திறந்து வைத்தால் போத்தலுக்குள்ளேயே கட்டியாகிவிடும். அலுமாரிக்குள் வையுங்கள்.

ஒன்லைனில் செட் வாங்கி ஆறு மாதமாக வீட்டிலேயே போடுகிறேன். இப்போது விரல் நுனி எல்லாம் அரிக்கிறது, தோல் வெடிக்கிறது. இமையும் சிவந்து வீங்குகிறது. இமைக்கும் நகத்துக்கும் என்ன சம்பந்தம்? இன்னும் மெல்லிசாகப் பூசினால் சரியாகுமா?
பம்பலப்பிட்டி வாசகி

மெல்லிசாகவும் வேண்டாம், நிறுத்துங்கள். இன்றைக்கே.

ஜெல்லில் இருப்பது மெதக்ரிலேட் வகைப் பொருட்கள். வெளிச்சம் பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிட்டால் பெரிதாகத் தொல்லை இல்லை. பச்சையாகத் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொள்ளும். ஹெமா (HEMA) என்று லேபிளில் போட்டிருப்பது அதில் பேர் போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் ஹெமா உள்ள நகப் பொருட்களைத் தொழில்முறையாகச் செய்பவர்கள் மட்டும் பாவிக்க வேண்டும் என்று விதித்ததும் இதனால்தான். இமை ஏன் என்றால், நாம் நாளெல்லாம் முகத்தில் கை வைக்கிறோம், இமைத் தோலோ மிக மெல்லியது, அதனால் சண்டை அங்கேயும் தெரியும்.

உங்கள் செட்டில் வந்த லாம்பின் மேல் எனக்குச் சந்தேகம். பெட்டியில் 54 வொட், 72 வொட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், ஆனால் வொட்டை வைத்து இறுகுமா என்று சொல்ல முடியாது. வெளிச்சத்தின் அலைநீளம் 365, 405 நனோமீற்றர் என்று எது வருகிறதோ அது அந்த ஜெல்லுக்குப் பொருந்த வேண்டும். ஒரு கம்பனி ஜெல், இன்னொரு கம்பனி லாம்ப் என்றால் மேலே கண்ணாடி மாதிரி இறுகி உள்ளே பச்சையாகக் கிடக்கும், கையால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

தோல் வைத்தியரிடம் போங்கள், தேசிய வைத்தியசாலையிலும் தோல் கிளினிக் இருக்கிறது. எந்தப் பொருள் என்று பட்ச் டெஸ்டில், அதாவது தோலில் கொஞ்சம் ஒட்டி வைத்து, பார்ப்பார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இந்த ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் போகாது, பல்லுக்கு அடைக்கிற பொருளிலும் எலும்பு சத்திரசிகிச்சையில் பாவிக்கும் சிமெந்திலும் இதே குடும்பத்துப் பொருட்கள் உண்டு. பிற்காலத்தில் பல் வைத்தியரிடம் போனாலும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

டி.பி.ஓ. (TPO) உள்ள ஜெல்லை ஐரோப்பாவில் தடை செய்துவிட்டார்களாமே? அந்த லாம்பும் தோலுக்குக் கூடாதாமே?
தெஹிவளை வாசகி

தடை உண்மை, 2025 செப்டெம்பர் 1 முதல். டி.பி.ஓ. என்பது வெளிச்சத்தை வாங்கி ஜெல்லை இறுக வைக்கும் பொருள். விலங்குகளில் செய்த ஆய்வுகளில் இனப்பெருக்கத்தைப் பாதிப்பதாகத் தெரிந்ததால் எடுத்தார்கள். டி.பி.ஓ. இல்லாத ஜெல்கள் வருகின்றன, லேபிளைக் காட்டச் சொல்லிப் பார்லரில் கேட்கலாம், கேட்டால் முகம் சுளிக்கிற இடத்துக்கு நான் போகமாட்டேன். லாம்பைப் பொறுத்தவரை, 2023இல் வந்த ஒரு ஆய்வில் ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த கலங்களில் அந்த வெளிச்சம் சேதம் செய்ததைக் கண்டார்கள். தட்டில் இருந்த கலத்தை வைத்து உங்கள் கைக்கு இவ்வளவு ஆபத்து என்று கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் நுனி வெட்டின கிளவுஸ் ஒன்று போட்டுக்கொள்ள என்ன செலவு?

ஜெல்லைப் பிய்த்து எடுத்ததில் நகம் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. நகம் மூச்சுவிட எத்தனை நாள் விட வேண்டும்?
கொள்ளுப்பிட்டி வாசகி

நகம் மூச்சுவிடாது, அதற்கு வேண்டியது எல்லாம் அடியில் ஓடும் இரத்தத்திலிருந்து வருகிறது. காகிதம் மாதிரி ஆனதற்குக் காரணம் நீங்கள் பிய்த்ததுதான், ஜெல்லோடு நகத்தின் மேல் அடுக்கும் வந்திருக்கிறது. புது நகம் முழுசாக வளர ஆறு மாதமாவது ஆகும், அதுவரை குட்டையாக வெட்டி, எண்ணெய் பூசிக்கொண்டு பொறுமையாக இருங்கள். அடுத்த முறை டொப் கோட்டை அரத்தால் உரசிவிட்டு, அசிட்டோன் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து அலுமினியத் தாளால் சுற்றி 10, 15 நிமிடம். தானாக எழும்பும். எழும்பாத இடத்தைச் சுரண்டாமல் இன்னும் ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள்.

தொழுகிற நாங்கள் ஜெல் போடலாமா?
மாளிகாவத்தை சகோதரி

மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது, இறுகிய ஜெல், தொழுகைக்கு முதல் கை கால் முகம் கழுவி வுழூச் செய்யும் தண்ணீரை நகத்தில் பட விடாது. அதனால் தொழுகை இல்லாத நாட்களுக்கு மட்டும், பசைத்துண்டில் ஒட்டிக் கழற்றும் நகம் வாங்குகிறவர்கள் உண்டு.

அடுத்த மாதம் கல்யாணம். மருதாணியும் ஜெல்லும் இரண்டும் வேண்டும். எது முதல்?
வெள்ளவத்தை மணப்பெண்

மருதாணி முதல். அது வைத்த கையில் ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது என்பார்கள், அந்த நாளைக் கடந்து ஜெல் போட்டால் இரண்டுக்கும் தொல்லை இல்லை. மாறி வைத்தால் வெளிர் நிற ஜெல்லில் மருதாணி ஏறிவிடும். நிறம் நன்றாகப் பிடிக்கட்டும் என்று கையில் எண்ணெய் பூசியிருப்பார்கள், அதை நகத்தில் மட்டும் கவனமாகத் துடைக்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு இரண்டு மூன்று நாள் முதல் போடுங்கள், ஒன்று கழன்றாலும் திருத்த நேரம் இருக்கும். ஒத்திகை மாதிரி ஒருமுறை இப்போதே அதே பார்லரில் போட்டுப் பாருங்கள்.

அம்மாவுக்கு அடுத்த கிழமை ஒப்பரேஷன். போன கிழமைதான் ஆசைப்பட்டு ஜெல் போட்டார். எடுக்கத்தான் வேண்டுமா?
நுகேகொடை வாசகி

எடுங்கள். விரலில் கிளிப் மாட்டி ஒட்சிசன் அளவு பார்ப்பார்கள், நகத்தின் நிறம் அந்தக் கணக்கைக் குழப்பலாம், நகத்தின் இயல்பான நிறத்தையும் பார்ப்பார்கள். முதல் நாள் இரவு அசிட்டோன் தேடி ஓடாமல் இந்தச் சனிக்கிழமையே ஆறுதலாக எடுத்துவிடுங்கள். அம்மா வீட்டுக்கு வந்து சுகமானதும் அதே நிறத்தைத் திரும்பப் போட்டுவிடலாம்.