ஹுவேயில் ஒரு நாள்: கேளுங்கள், சொல்கிறேன்

வியட்நாமில் டா நாங்கில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்களைப் பழைய தலைநகரமான ஹுவேக்குக் கூட்டிப்போவது என் பிழைப்பில் ஒரு பகுதி. வழிகாட்டியோடு ஒரே நாளில் ஹுவே பார்ப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். விசா, விமான டிக்கெட், பா நா மலைத் தங்கப் பாலம் மூன்றும் இங்கே வேண்டாம்.

கேள்வி: வழிகாட்டி கட்டாயம் வேண்டுமா? டிக்கெட் எடுத்து உள்ளே போய் நாமே சுற்றிவந்தால் போதாதா?

பதில்: அரசர்களின் கல்லறைகளை நீங்களே பார்த்துவிடலாம், கோட்டைக்கு மட்டும் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அங்கே பாதி இடத்தில் கட்டடமே கிடையாது. 1802 முதல் 1945 வரை நுயென் வம்சத்து அரசர்கள் 13 பேருக்கும் ஹுவேதான் தலைநகரம். வெளிக்கோட்டையின் சுற்றளவே சுமார் பத்துக் கிலோமீட்டர். அதற்குள் அரண்மனை வளாகம், அதற்கும் உள்ளே அரச குடும்பம் மட்டும் புழங்கிய தடைசெய்யப்பட்ட நகரம். இந்த உட்பகுதியில் பெரும்பாலானவை 1947இல் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் எரிந்துபோயின. தப்பியதில் பலவற்றை வியட்நாம் போரின் 1968 டெட் (புத்தாண்டு) தாக்குதல் தீர்த்துக்கட்டியது, அந்தச் சண்டை இந்த ஊருக்குள்ளேயே ஒரு மாதம் போல நடந்தது. ஆகவே விஷயம் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லையென்றால் புல்தரையையும் படிக்கட்டையும் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று திரும்புவீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் திரும்புகிறார்கள்.

நுழைவாயிலான ங்கோ மோன் மேல்மாடத்தில் ஏறி நிற்கும்போது, 1945 ஆகஸ்ட் 30 அன்று கடைசி அரசர் பாவ் டாய் முடி துறந்தது இங்கேதான் என்று வழிகாட்டி சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். அதற்கும் முழித்தால் அவர் வழிகாட்டி இல்லை, குடை பிடிக்க வந்தவர்.

கேள்வி: சார், சைவ சாப்பாடு கிடைக்குமா?

பதில்: தாராளமாக. ஹுவே பௌத்த ஊர். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஊரில் நிறையப் பேர் சைவம்தான். பலகையில் 'சாய்' என்று போட்டிருக்கும் கடைக்குள் போங்கள். சாதாரணக் கடையில் காய்கறி மட்டும் போடச் சொன்னாலும் மீன் சாறு விழுந்துவிடும், அதை அவர்கள் அசைவமாகவே நினைப்பதில்லை.

கேள்வி: டா நாங்கிலிருந்து காலையில் கிளம்பி ஐந்து இடம் காட்டி இரவு திருப்பிக் கொண்டுவந்து விடுவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். தூரம் சுமார் 100 கிலோமீட்டர், போக வர நாலைந்து மணி நேரம் வண்டியிலேயே கழிந்துவிடும். நடுவில் ஊதுபத்தி கிராமம், கூம்புத் தொப்பிக் கடை, முத்துக் கடை என்று இறக்கிவிடுவார்கள், அங்கே மட்டும் நேரம் தாராளமாகக் கிடைக்கும். கோட்டைக்கு ஐம்பது நிமிடம்!

நான் சொல்லும் கணக்கு இது: முந்தைய நாள் ரயிலில் வந்து ஹுவேயிலேயே தங்குங்கள். ஹாய் வான் மலையோரம் கடலை ஒட்டிப் போகும் பாதை, டா நாங்கிலிருந்து வரும்போது வலப்பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள். மறுநாள் காலை ஏழரைக்குள் கோட்டை வாசலில் நிற்க வேண்டும், டா நாங் பேருந்துகள் பத்து மணிக்கு மேல்தான் வந்து சேரும். மூன்று மணி நேரம் கோட்டை. வெயில் ஏறியதும் சாப்பாடு, ஓய்வு. மாலை இரண்டே கல்லறைகள். நடுவில் முடிந்தால் தியென் மூ பகோடா என்ற பௌத்தக் கோயில். அவ்வளவுதான். மூன்றாவது கல்லறை கேட்காதீர்கள், அந்நேரத்துக்குக் கண் பார்க்கும், மனசு பார்க்காது.

அப்புறம் ஒன்று: 20,000 டாங் தாளும் நீலம், 500,000 டாங் தாளும் நீலம். மங்கல் வெளிச்சத்தில் மாற்றி எடுத்து நீட்டாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. எந்தக் கல்லறை சரிப்படும்?

பதில்: காய் டின் கல்லறை வேண்டாம் தங்கச்சி, அங்கே 127 படி, பாதியில் உட்கார நிழலும் குறைவு. மின் மாங் கல்லறைக்குக் கூட்டிப்போங்கள், ஊரிலிருந்து 12 கிலோமீட்டர். 1840-43இல் கட்டியது. வாசல், முற்றம், கல்வெட்டு மண்டபம், குளம் எல்லாமே ஒரே நேர்கோட்டில் வரும், நடை இருந்தாலும் நிதானமாக நடக்கலாம், மரநிழல் உண்டு. ஏறுகிற படிகளைத் தவிர்த்துப் பக்கவாட்டுப் பாதையில் போகலாம். கோட்டைக்குள் மின்சார வண்டி ஓடுகிறது, அதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: தீக்குளித்த துறவியின் கார் தியென் மூவில்தான் இருக்கிறதா? சம்பவம் அங்கேதானே நடந்தது?

பதில்: கார் அங்கே இருக்கிறது, சம்பவம் அங்கே நடக்கவில்லை. திக் குவாங் டுக் 1963 ஜூன் 11 அன்று சைகோனில் தீக்குளித்தார். அந்த நாற்சந்திக்கு அவரை ஏற்றிப்போன ஆஸ்டின் காரைத்தான் இங்கே வைத்திருக்கிறார்கள். ஆனால் அரசை எதிர்த்துப் பௌத்தர்கள் செய்த கிளர்ச்சி தொடங்கியது ஹுவேயில். அந்த மே மாதம் புத்த பூர்ணிமாவுக்குப் பௌத்தக் கொடி ஏற்றத் தடை போட்டார்கள், எதிர்த்துக் கூடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். அது தெரிந்துகொண்டு காரைப் பாருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை, தயவுசெய்து. அது இன்னும் துறவிகள் வாழும் இடம்.

கேள்வி: அண்ணா, காய் டின் பிரெஞ்சுக்காரர்களின் பொம்மை ராஜா. மக்களிடம் வரி பிடுங்கிக் கட்டிய கல்லறைக்குப் போய் எதற்கு எல்லாரும் இவ்வளவு விளம்பரம் தருகிறீர்கள்?

பதில்: அப்பாடா, ஒரு நல்ல கேள்வி. ராஜாவைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். 1916இல் முந்தைய அரசரை இறக்கி நாடு கடத்திவிட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் உட்கார வைத்த ஆள். கல்லறைக்காக வரியை ஏற்றினார். 1922இல் மார்செய் கண்காட்சிக்குப் பிரான்ஸ் போனபோது, அங்கிருந்த வியட்நாம் தேசியவாதி பான் சாவ் திரின் ஏழு குற்றங்களைப் பட்டியலிட்டுப் பதவி விலகச் சொல்லிக் கடிதம் எழுதினார். பின்னாளில் ஹோ சி மின் ஆன இளைஞரும் அங்கேதான் இருந்தார், அவர் கேலி நாடகமே எழுதிவிட்டார்.

ஆனால் உள்ளே போய்ச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்று பாருங்கள். உடைந்த பீங்கான் சில்லும் பாட்டில் கண்ணாடித் துண்டும்தான் அத்தனையும். பூவிதழ் வளையும் இடத்தில் நீலக்கோடு போட்ட சில்லைத் தேடிப் பொறுக்கிப் பதித்திருக்கிறான் ஒருவன். ராஜாவின் சிலைக்கு மேலே இருக்கும் விதானம் காற்றில் ஆடும் பட்டுத் துணி மாதிரி தெரியும், அது கான்கிரீட். 1920இல் தொடங்கி 1931இல் முடிந்த வேலை, ராஜா 1925இலேயே போய்விட்டார். கட்டி முடித்ததைப் பார்த்தவர்கள் கொத்தனார்களும் சில்லு பதித்தவர்களும். நான் ஆட்களைக் கூட்டிப்போவது அவர்கள் வேலையைப் பார்க்க.

கேள்வி: (அதே நண்பர்) கைவேலை அழகு என்று சொல்லி வரிச்சுமையை மறைக்கிறீர்கள். து டுக் ராஜாவின் கல்லறை போதாதா? அவர் கவிஞர், நல்லவர்.

பதில்: நல்லவரா! து டுக் கல்லறை 1864இல் தொடங்கியது, 1866இல் கட்டடத் தொழிலாளர்கள் வேலைப்பளு தாங்காமல் சுண்ணாம்பு இடிக்கும் உலக்கையோடு அரண்மனைக்குள் புகுந்தார்கள். அப்போது ஹுவேயில் பிரெஞ்சு ஆட்சி இல்லை, அத்தனையும் சொந்த ராஜாவின் கைங்கரியம். தாமரைக் குளத்தோரம் மண்டபத்தில் உட்கார்ந்து அவர் கவிதை எழுதினார், மறுக்கவில்லை. குழந்தை இல்லாததால் தன் கல்வெட்டைத் தானே எழுதி, அதில் தன் தவறுகளையும் ஒப்புக்கொண்டார், அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் குளம் வெட்டியவன் முதுகு கவிதையால் ஆறாது. இரண்டையும் பாருங்கள், இரண்டு இடத்திலும் கட்டியவனைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: (வேறொருவர்) து டுக்கை அடக்கம் செய்த இடம் தெரியக்கூடாது என்று 200 வேலைக்காரர்களின் தலையை வெட்டினார்களாமே?

பதில்: வழிகாட்டிகள் எல்லாரும் சொல்லும் கதை. கதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் ஹுவேயும் போர்க்கால வின் மோக் சுரங்கமும் முடியுமா?

பதில்: முடியாது. அது வடக்கே தனிப் பயணம், தனி நாள்.

கேள்வி: கோட்டைக்குள் தவறவிடக் கூடாத ஒன்று?

பதில்: ஒன்பது வெண்கலக் கொப்பரைகள். 1835-37இல் அரசர் மின் மாங் வார்க்கச் சொன்னது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு டன்னும் அதற்கு மேலும். கூட்டம் பெயரைக் கேட்டுவிட்டுப் படமெடுத்து நகரும். நீங்கள் குனிந்து உடம்பைப் பாருங்கள்: மலை, ஆறு, படகு, பீரங்கி, பறவை, செடிகொடி என்று நாட்டையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் ஒரு விலங்கைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள், அரைமணி நேரம் நிம்மதி.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: அக்டோபரில் வரலாமா? அப்போது டிக்கெட் மலிவு.

பதில்: ஏன் மலிவு என்று யோசித்தீர்களா? அக்டோபர், நவம்பர் இங்கே அடைமழை, ஆறு ஊருக்குள் வரும். 1999 நவம்பர் வெள்ளத்தை இன்றும் பேசுவார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வாருங்கள். ஜூன், ஜூலை வெயில் மண்டையைப் பிளக்கும்.

கேள்வி: புன் போ ஹுவே என்ற மாட்டிறைச்சி நூடுல்ஸில் மாடு இல்லாமல் தருவார்களா? வெஜ்ஜும் உண்டா?

பதில்: மாட்டெலும்பையும் பன்றியையும் கொதிக்க வைத்து, எலுமிச்சைப் புல்லும் இறால் விழுதும் போட்ட குழம்பு அது. மாட்டை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? சைவப் பதிப்பு 'சாய்' கடையில் உண்டு. 'சாய்' கடை எது என்று கேட்கப் போகிறவர்கள் முதலில் மேலே ஏறிப் படியுங்கள்.

கேள்வி: தங்கப் பாலத்துக்கு எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது?

பதில்: இன்றைக்குப் போதும். காய் டின் நண்பர் மட்டும் இருங்கள், உங்களிடம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் கிளம்பும்போது பர்ஸில் அந்த இரண்டு நீலத் தாளையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.