மளிகை பில் எகிறுகிறதா? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். வீட்டில் ஐந்து பேர். மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதால் பருப்பு, கீரை, காய்கறியைக் கூட்டச் சொல்லிவிட்டார் டாக்டர். மளிகைச் செலவு கட்டுக்கடங்கவில்லை. சூப்பர் மார்க்கெட், மொபைல் ஆப், தெருமுனைக் கடை, ரேஷன், எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும்?

பதில்: எல்லாச் சாமானும் மலிவாகக் கிடைக்கும் ஒரே கடை எந்த ஊரிலும் கிடையாது, சகோதரி. சாமானுக்குத் தகுந்த மாதிரி கடையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரேஷன். அரிசி கார்டு என்றால் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளியே பருப்பு மட்டுமே நூறைத் தாண்டும். "பருப்பு இன்னும் வரலை, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பினால் விட்டுவிடாதீர்கள். வேலைக்கு லீவு போட்டு வருகிறவரை இப்படி அலையவிடுவது அநியாயம். பில் போட்டதும் உங்கள் மொபைலுக்குக் குறுஞ்செய்தி வரும், அதைக் கட்டாயம் படியுங்கள். வாங்காத பருப்பை வாங்கியதாக அதில் இருந்தால் உங்கள் பங்கு வேறு யாருக்கோ போய்விட்டது என்று அர்த்தம். "கார்டைக் கொடுங்க, மாசாமாசம் காசு தர்றேன்" என்று வீடு தேடி வரும் ஆட்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சோப்பு, டீத்தூள் வாங்கினால்தான் பருப்பு என்று கடையில் சொன்னால், வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஐந்து பேருக்கு ஒரு கிலோ பருப்பு போதாது. மீதியை வெளியில் வாங்கும்போதுதான் ஏமாறுகிறோம். பருப்பு, எண்ணெய், மாவையெல்லாம் இன்ன இன்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டு, ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்று பாக்கெட்டில் அச்சிடச் சொன்னார்கள். எம்.ஆர்.பி. பக்கத்தில் யூ.எஸ்.பி. (யூனிட் சேல் பிரைஸ்) என்று பொடி எழுத்தில் இருக்கும். பல பாக்கெட்டுகளில் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. சட்டம் போட்டவர்கள் ஒரு நாள் கடைக்குப் போய் அதைப் படித்துப் பார்க்கட்டும்.

அப்படியே படித்தாலும், ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் கணக்கு, அதுவும் இரண்டு தசம இடம் வரைதான். கிலோ 176 ஆகும் பருப்பும் 184 ஆகும் பருப்பும் ஒரே 0.18 ரூபாய்தான். தள்ளுபடி விலையும் அதில் வராது. கணக்குக்காக, 96 ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட 400 கிராம் பாக்கெட்டை 76க்குத் தருகிறார்கள் என்று வையுங்கள். "20 ரூபாய் மிச்சம்" என்று சிவப்பில் எழுதியிருப்பார்கள். மொபைலில் 76ஐ 400ஆல் வகுத்து 1000ஆல் பெருக்குங்கள், கிலோ 190 வரும். தெருமுனைக் கடையில் உதிரியாக 170க்கு நல்ல பருப்பு கிடைத்தால் எது ஆஃபர்?

எண்ணெயிலும் இதே கதைதான். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். அதே உயரப் பாக்கெட்டில் 850, 800 கிராம் என்றும் வருகிறது. ஆப்பில் வாங்குவதென்றால் டெலிவரி, கையாளும் கட்டணம் எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

அரிசிக்கு மட்டும் ஒரு விஷயம் தனி. 2022 ஜூலை 18 முதல் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, ஆனால் 25 கிலோ வரைதான். அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது. 25 கிலோ சிப்பத்தில் வரி இருக்கிறது, 26இல் இல்லை. அதற்காக 26 கிலோ எப்போதும் லாபம் என்று எடுத்துவிடாதீர்கள். சில கடைகளில் அந்த வரி மிச்சத்தைக் கடைக்காரரே வைத்துக்கொள்கிறார். இரண்டு மூட்டை விலையையும் கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள். ஒரே ரகமா, புது அரிசியா பழைய அரிசியா என்றும் கேளுங்கள். மாமியாருக்காக அரிசியைக் குறைக்கும் வீட்டில் மூட்டை தீரும் முன் வண்டு விழும். பக்கத்து வீட்டோடு பாதி பாதி பிரித்துக்கொள்ளுங்கள்.

"சர்க்கரை நோயாளிகளுக்கென்றே" என்று போட்ட சத்துமாவு டப்பாக்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். எது அதிகமோ அதுதான் சேர்மானப் பட்டியலில் முதலில் இருக்கும். முதல் பெயரே கோதுமை மாவாக இருந்தால் என்ன பிரயோஜனம்? பச்சைப்பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை, முட்டை, முருங்கைக்கீரை போதும். எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

காய், கீரைக்கு உழவர் சந்தை. 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம். அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள், வெளிச் சில்லறை விலையை விடக் குறைவாக இருக்கும். ஆனால் அதிகாலையில் தொடங்கி முற்பகலில் முடிந்துவிடும். எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டில் நிற்க வேண்டியவர் எப்படிப் போவார்? தொழிலாளர் ஊரில் மாலையிலும் காய் விற்க ஏற்பாடு செய்ய இவ்வளவு வருஷமா? அதுவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நாள்பட நிற்கும் பூசணி, சுரைக்காய், பீட்ரூட், சின்ன வெங்காயம் வாங்கி வையுங்கள். கீரையை மட்டும் வார நாளில் தெருவில் வாங்குங்கள். வாசலுக்கு வெளியே தரைக்கடை போட்டிருப்பவரிடம் வாங்கிவிட்டு உழவர் சந்தை விலை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பலகை விலை உள்ளே அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகளுக்குத்தான்.

ரேஷன் புகாருக்குப் போன் நம்பர் 1967. எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டாலோ அச்சிட்ட எடை குறைந்தாலோ 1915. பில்லையும் பாக்கெட்டையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.