ஏரி, கால்வாய், கழிமுகம்: இந்த மாதக் கேள்வி-பதில்

எங்கள் பகுதியில் ஒரு ஏரி இருக்கிறது. அதைச் சீரமைக்க எவ்வளவு செலவாகும்? (கொடுங்கையூர் வாசகர்)

ஏரியின் பெயர் இல்லை, பரப்பு இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. எதை வைத்து நான் கணக்குச் சொல்வது? முதலில் நிலத்தின் எல்லையைக் காட்டுகிற புல வரைபடமும், நிலத்தின் பரப்பும் வகையும் எழுதியிருக்கிற அ-பதிவேட்டு நகலும் வாங்குங்கள். தண்ணீர் வருகிற வரத்துக்கால்வாயும், மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலங்கலும் எங்கே இருந்தன என்று அதில் பார்த்து, நல்ல மழை பெய்கிற நாளில் அந்த வழியே நடந்து போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரிந்த பிறகு மறுபடி எழுதுங்கள், செலவைப் பேசலாம்.

வருடா வருடம் ஆகாயத் தாமரையை அள்ளுகிறோம், மறுபடி வந்துவிடுகிறதே? (மாதவரம்)

சாக்கடை உள்ளே விழுகிற வரைக்கும் வரத்தான் செய்யும். வெயிலும் கழிவுநீரும் சேர்ந்தால் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும், விதையோ சேற்றுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். அள்ளியதைக் கரையிலேயே குவிக்காதீர்கள், அழுகிய சாறு அடுத்த மழையில் ஏரிக்கே திரும்பும். கையில் இருக்கிற பணம் கொஞ்சம் என்றால், ஜேசிபி வாடகைக்குக் கொடுப்பதைவிட, சாக்கடை விழுகிற இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக் குடிநீர் வாரியத்தில் மனுக் கொடுப்பது மேல்.

இ.எம். உருண்டை (நுண்ணுயிர் கலந்து பிடித்த மண் உருண்டை) போட்டால் கால்வாய் சுத்தமாகுமா? (வியாசர்பாடி)

தினமும் சாக்கடை ஓடுகிற கால்வாயில் ஆகாது. போடாதீர்கள்.

எண்ணூர் கழிமுகத்தில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து 5,000 அலையாத்திக் கன்று நடப்போகிறோம். எந்த இனம் நல்லது? (மணலி புதுநகர்)

இனத்தைப் பிறகு பார்க்கலாம், இடத்தை யார் தேர்ந்தெடுத்தது? இந்தக் கேள்வி ஒவ்வொரு மாதமும் வருகிறது, ஒவ்வொரு மாதமும் எனக்கு மனசு ஆறவில்லை. வெறும் சேறாகத் தெரிகிற இடமெல்லாம் காலியிடம் இல்லை. அந்தச் சேற்றில்தான் இருளர்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள், குளிர்காலத்தில் உள்ளான் என்கிற கரைப்பறவைகள் வந்து இரை பொறுக்குகின்றன. அதில் கன்றை நட்டால் பிழைப்பும் போகும், தினம் பலமணி நேரம் மூழ்கிக் கிடந்து கன்றும் சாகும். பிலிப்பைன்ஸில் பல வருடங்களாகப் பெரிய அளவில் இப்படி நட்டு, பத்துக்கு ஒன்றிரண்டுதான் பிழைத்தது.

இன்னொரு பக்கம், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மேடாகிப்போன இடங்கள் இருக்கின்றன. நம் கரையில் ஓதத்தின், அதாவது கடல்நீர் ஏறி வடிவதன், ஏற்ற இறக்கமே சுமார் ஒரு மீட்டர்தான், அதனால் அரையடி மேடானாலும் ஓதம் ஏறுவது குறைந்துவிடும், மண்ணில் உப்பு கூடிவிடும். அங்கே முதல் வேலை சாம்பலை அள்ளி மட்டத்தை இறக்கி ஓதத்துக்கு வழி திறப்பது. முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் மீன்முள் போல வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட்ட பிறகுதான் காடு திரும்பியது. தண்ணீர் வந்து போக ஆரம்பித்தால், பக்கத்தில் தாய்மரம் இருக்கிற இடத்தில் வெண்கண்டல் என்கிற அலையாத்தி மரத்தின் விதை தானாகவே ஒதுங்கி முளைக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் நடவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே காலையில் 2,000 கன்று, பேனர், போட்டோ எல்லாம் முடிந்தது. மூன்று மாதம் கழித்து நான் மட்டும் போய்ப் பார்த்தேன், குச்சிகள் நின்றன, கன்று இல்லை. திரும்பி வந்து எண்ணிப் பார்க்க அவர்கள் பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூட இல்லை.

ஆகவே காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்களிடம் முதலில் போய் உட்காருங்கள். எந்தச் சேற்றில் மீன்பிடிக்கிற முறை (பாடு) எவருடையது என்று அவர்களுக்குத் தெரியும். வனத்துறையைக் கேட்காமலும் கரையோரம் எங்கே எதற்குத் தடை என்று காட்டுகிற கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தைப் பார்க்காமலும் ஒரு குழியும் தோண்டாதீர்கள். 5,000 வேண்டாம், 200 போதும், ஆனால் மூன்று வருடம் எண்ணுங்கள். பிள்ளைகளுக்கு எண்ணுகிற வேலையைக் கொடுங்கள், நடுவதைவிட அதில்தான் அவர்கள் அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்த எண்ணெய் படிந்த சேற்றை இயந்திரம் வைத்து அள்ளிவிடலாமா? (எண்ணூர்)

அவசரப்படாதீர்கள். சேற்றில் இயந்திரம் இறங்கினால் எண்ணெயை இன்னும் ஆழத்துக்கு அழுத்திவிடும், காற்றுப் படாத அடிச்சேற்றில் அது சிதைய வருடக்கணக்காகும். மூன்று நான்கு இடத்தில் மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள், முடிவைப் பார்த்துவிட்டு அள்ளுவதா விடுவதா என்று தீர்மானிக்கலாம். அலையாத்தியின் மூச்சுவேர்கள் (சேற்றுக்கு மேலே நீட்டி நின்று காற்று வாங்குகிற வேர்கள்) உயிரோடு நிற்கிற இடத்தில் கால்கூட வைக்க வேண்டாம்.

ஏரி நடுவில் பறவைகளுக்குத் திட்டு அமைக்க விரும்புகிறோம், எவ்வளவு உயரம் வேண்டும்? (கொரட்டூர்)

உயரத்தைவிடச் சரிவு முக்கியம். ஒன்றுக்கு ஐந்து, ஆறு என்று படுத்த சரிவாக இருக்கட்டும், ஓரத்தில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றால்தான் கொக்கும் நாரையும் இறங்கும். செங்குத்தாகக் குவித்து மேலே புல்தரை போட்டால் ஒன்றும் வராது. திட்டுக்கு மண் வேண்டும் என்று அடியில் இருக்கிற களிமண் படுகையைக் கிழித்துவிடாதீர்கள். அப்புறம், அம்பத்தூர் ஏரி நிரம்பி உங்கள் ஏரிக்கு வருகிறது, உங்களுடையது நிரம்பி ரெட்டேரிக்குப் போகிறது. அந்த வழியில் திட்டு குறுக்கே நிற்கக்கூடாது, வரைபடத்தில் முதலில் அதைக் குறித்து அனுப்புங்கள்.