ஏப்ரல்ல கடல் ஏன் பச்சையாகுது?

கேள்வி: அயர்லாந்துக்குத் தெக்கால இருக்கற செல்டிக் கடல், ஏப்ரல் மாச சாட்டிலைட் போட்டோல பச்சையா தெரியுதே, ஏன் சார்? குளிர்காலத்துல அப்படி இல்லையே?

பதில்: அது மிதவைப் பாசிங்க, முக்கியமா டயட்டம், கண்ணாடி மாதிரி சிலிக்கா ஓடு போட்ட ஒத்தை செல் ஜீவன். குளிர்காலத்துல புயல் அடிச்சு, 100 மீட்டருக்கு மேல ஆழமுள்ள அந்தக் கடலை அடிவரைக்கும் கலக்கிடும், நைட்ரேட் சத்தெல்லாம் மேல வந்துரும், ஆனா பாசியும் சேந்து இருட்டுக்குள்ள போய்ப் போய் வரும், வெளிச்சம் பத்தாது. அப்புறம் வெயில் ஏறி காத்து தணிஞ்சதும், பக்கெட்டுல பச்சத்தண்ணி மேல வெந்நீர மெதுவா ஊத்தினா மேலயே நிக்குமே, அந்த மாதிரி சூடான அடுக்கு ஒண்ணு நின்னுரும், பாசி வெளிச்சத்துலயே தங்கி மளமளன்னு பெருகும். நார்வேக்கார கடல் விஞ்ஞானி ஸ்வெர்ட்ரப் 1953லயே இதுக்கு கணக்கு போட்டாரு. அடுக்கெல்லாம் முழுசா வேணாம், கலக்கல் அடங்கினாலே போதும்னு இப்ப விஞ்ஞானிகள்ல ஒரு கட்சி, எனக்கென்னமோ அவங்க பக்கம்தான் நியாயம்னு தோணுது. நடுவுல ஒரு புயல் வந்தா எல்லாம் தள்ளிப் போகும். பக்கத்து ஐரிஷ் கடல்ல ஓதம், அதாவது கடலோட ஏத்த இறக்கம், பலமா இருக்கற இடங்கள்ல அடுக்கே நிக்காது, கோடையிலும் கலங்கியே கிடக்கும். செல்டிக் கடல்ல மேல இருக்கற நைட்ரேட் தீந்தா, சில வாரத்துல பச்சையும் காலி.